பிரிபடாத பாகம்

2014-இல் வேளச்சேரியில் ஃபிளாட் பார்க்கப் போனபோது, மழைக்குத் தண்ணி நிக்குமா என்று புரோக்கரிடம் கேட்டேன். "நிக்காது சார். வந்தாலும் தானா வடிஞ்சிடும்." வடிய வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதன் மேல் குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் ஏறி உட்கார்ந்திருப்பதை, தினமும் அந்த வழியாக ஆபீஸ் போகிற நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கள் மாடிப்படியில் ஐந்து படி ஏறியது.

வில்லியம் ஹோகார்த் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம் உண்டு. லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு 1720-இல் நூற்றுச் சொச்சம் பவுனிலிருந்து ஆயிரம்வரை ஏறி, அதே ஆண்டுக்குள் விழுந்தது. அந்தப் பித்தைத்தான் இருபதுகளில் இருந்த ஹோகார்த் கேலி செய்தார். நடுவில் ஒரு ராட்டினம். பாதிரியார், விலைமகள், ஷூ துடைப்பவன், பிரபு எல்லாரும் அதில் சுற்றுகிறார்கள். உச்சியில் ஓர் ஆடு. அடுத்து யார் ஏறுவது என்று கேட்கும் வாசகம். ஒரு பக்கம் சாத்தான் அதிர்ஷ்ட தேவதையின் உடலை வெட்டிக் கூட்டத்துக்கு எறிகிறான். ஒரு மூலையில் 'வணிகம்' என்ற உருவம் கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறது. அந்த மூலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளிக்கரணை ஞாபகம்தான் வரும்.

ஆனால் ராட்டினத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு இருக்கைதான். இது நியாயமா? ஷூ துடைப்பவனின் ஆசையும் கம்பெனி இயக்குநரின் ஆசையும் ஒன்றா? 1721-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயக்குநர்களின் சொத்தைப் பறித்தபோதுகூட, எவர் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் முடிவு செய்தது. (வரலாற்றாசிரியர் கிப்பனின் தாத்தாவும் அதில் மாட்டிக்கொண்டவர்.) இந்த விஷயத்தில் கலைஞனைவிட நாடாளுமன்றம் கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கேலி செய்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் ஒரு கேள்வி. ஹோகார்த் ராட்டினத்துக்கு வெளியே நிற்கிறார். 1917-இல் லித்தோ கேலிப்படத் தொகுப்புகள் வெளியிட்ட ககனேந்திரநாத் தாகூர் ஜமீன் குடும்பத்துக்காரர். தன்னைச் சுற்றியிருந்த வங்காளப் பெரியமனிதர்களைத்தான் வரைந்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்த சில மாதத்தில் அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "தண்ணி வந்ததை வெளியில சொல்லாதீங்க. ரேட் விழுந்துடும்." யாரும் மறுக்கவில்லை. பிறகு ஒரு நாள் பக்கத்து ஃபிளாட்டைப் பார்க்க இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் வயிற்றுப்பிள்ளைக்காரி. "இங்க தண்ணி நிக்குமா அண்ணா?" என்று கேட்டார். லிஃப்ட் வரும்வரை எனக்கு நேரம் இருந்தது. "வடிஞ்சிடும்மா" என்றேன்.

அபார்ட்மென்ட் கிரயப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதுவார்கள். மனை எல்லாருக்கும் பொது. ஆனால் யாருக்கு எத்தனை சதுர அடி என்ற கணக்கும் கூடவே இருக்கும். என் பத்திரத்தில் 412 என்று இருக்கிறது. சதுப்பை மூட அனுமதி கொடுத்தவர், மனை போட்டவர், கட்டியவர், புரோக்கர் எல்லாருக்கும் என்னைவிடப் பெரிய பாகம்தான். அவர்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த லிஃப்ட் வாசல் கணக்கில் நிற்கிறது. அவர்கள் அந்த ஃபிளாட்டை வாங்கிவிட்டார்கள். நவம்பர் வந்தால் அந்தப் பெண் முதலில் பைக்கைத்தான் மேட்டுக்கு ஏற்றுகிறார்.