இடைவாரும் சாபமும்

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் உலகத்தைச் சொல்கிறார்: இருண்ட குகை, பூட்டிய கதவு, அதற்கப்பால் ஏதோ மூச்சுவிடும் சத்தம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் கதவை உடைக்கிறேன்' என்கிறார்கள். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் எழுதி 1974-ல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முதல். அதற்கு முந்திய யுத்த விளையாட்டுகளில் படைப்பிரிவுகளாக நகர்ந்த சிப்பாய்கள் இதில் தனித்தனி மனிதர்களானார்கள். படைப்பிரிவுக்குப் பெயரோ ஆசையோ பாலோ தேவையில்லை. தனிமனிதன் வந்தால் இவை மூன்றும் கூடவே வந்துவிடும். ஆகவே, பால் பற்றிய கேள்வியை யாரோ வெளியிலிருந்து இந்த ஆட்டத்துக்குள் நுழைத்துவிட்டார்கள் என்ற புகார் சரியல்ல. பாத்திரம் என்று ஒன்று உண்டானபோதே அது உள்ளே இருந்தது.

1978-ல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் ஒரு விதி இருந்தது. பாத்திரத்தின் உடல்வலுவை 3 முதல் 18 வரை ஓர் எண் குறிக்கும். 18 பெற்ற போர்வீரனுக்கு அதற்கு மேலும் 100 வரை ஒரு கணக்கு உண்டு. மனித ஆண் 100-ஐ எட்டலாம். மனிதப் பெண் 50-உடன் நிற்க வேண்டும். எல்ஃப்கள், குள்ளர்கள் போன்ற கற்பனை இனங்களிலும் பெண்ணுக்கு உச்சவரம்பு ஆணைவிடக் குறைவுதான். கேட்டால், யதார்த்தம் என்பார்கள். வௌவால் எச்சத்தையும் கந்தகத்தையும் உருண்டையாக்கி மந்திரவாதி நெருப்புக் கோளம் வீசுவதும் இதே கையேட்டில்தான். அங்கே யதார்த்தம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

விதி என்றாலே தடைதானே, தடை இல்லாமல் ஆட்டம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மந்திரவாதி கவசம் அணியக் கூடாது என்பதும் தடைதான். ஆனால் அந்தத் தடைக்கு ஈடாக அவனுக்கு மந்திரம் கிடைக்கிறது. பெண்ணின் தடைக்கு ஈடாக எதுவும் இல்லை. அது ஆட்டத்தின் தர்க்கத்திலிருந்து பிறந்த விதி அல்ல. ஆட்டத்துக்கு வெளியே ஏற்கெனவே இருந்த ஒரு நம்பிக்கை, எண் வடிவில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஈடு கொடுத்துப் பார்த்தவரும் உண்டு. 1976-ல் 'தி டிராகன்' பத்திரிகையின் மூன்றாம் இதழில் லென் லகோஃப்கா எழுதிய கட்டுரை, பெண் பாத்திரங்களுக்கு ஆளுமைக் கவர்ச்சி என்ற குணத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் அழகை வைத்தது. ஆண்களை வசீகரிக்கும் மந்திரங்களும் தந்தது. இந்த ஈடு அந்தத் தடையைவிட அதிகம் சொல்கிறது. குகைக்குள் போய்ப் பார்ப்பது ஆணின் வேலை. பெண்ணின் வேலை, பார்க்கப்படுவது.

உலகத்தை முழுதாகக் கலைத்துத் திரும்பக் கட்டும் வாய்ப்பு ஒருவனுக்குக் கிடைக்கும்போது, அவன் கலைக்காமல் விட்டது எது என்று பார்க்க வேண்டும். நம்பிக்கை என்ற பிரக்ஞைகூட இல்லாமல் அவன் நம்பியது அதுவாகத்தான் இருக்கும்.

1979-ல் வந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின் மாயப் பொருள்களில் ஓர் இடைவார் இருக்கிறது. அகலமான தோல் வார். கட்டிக்கொண்டதும், ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாறிவிடுவார்கள். பிறகு அதற்குச் சக்தி கிடையாது. வரம் கேட்டாலும் பழைய பால் திரும்புவது பாதிக்குப் பாதிதான். நிச்சயமாகத் திருப்ப வேண்டுமானால் தெய்வத்துக்கு நிகரான ஒருவர் வேண்டும். இந்த வார்களில் நூற்றுக்குப் பத்து, அணிந்தவரின் பாலையே முற்றிலும் நீக்கிவிடும். இது சாபமாகத்தான் வைக்கப்பட்டது. ஆனால் அந்தச் சாபம் எங்கே இருக்கிறது? வாரில் இல்லை. அணிகிறவர் அழுவார் என்ற அனுமானத்தில் இருக்கிறது. தன் உடலோடு ஒத்துப்போக முடியாமல் வாழும் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்தால், கதைகளில்கூடக் கேட்கத் துணியாத வரமாக அது அவருக்குப் படலாம். கையேடு அவரைக் கண்டிக்கவில்லை. அப்படி ஒரு வாசகர் இருக்கக்கூடும் என்று அது நினைத்துப் பார்க்கவேயில்லை. கண்டனத்தோடு சண்டை போடலாம். நினைக்கப்படாமல் இருப்பதோடு எப்படிச் சண்டை போடுவது?

விதிகள் பிற்பாடு மாறின. 1989-ன் இரண்டாம் பதிப்பில் வலுவின் உச்சவரம்பில் ஆண் பெண் பேதம் போயிற்று. 2014-ன் ஐந்தாம் பதிப்பு, பாத்திரம் ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்க வேண்டிய அவசியமில்லை என்றும், யாரை விரும்புவது என்பது ஆடுகிறவர் முடிவு என்றும் வெளிப்படையாகச் சொன்னது. நல்லது. ஆனால் அச்சிட்ட அனுமதியோடு தார்மீகக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. ஆட்டம் நடப்பது மேஜையில்.

கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர் இந்த ஆட்டக்காரர்களோடு கூட இருந்து கவனித்து எழுதிய நூல் 1983-ல் வந்தது. ஆடியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள். கற்பனைப் பெண்கள் மீது பலாத்காரம் ஆட்டத்துக்குள் சகஜமாக நடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். வெறும் கற்பனைதானே என்பது இதற்கு வழக்கமான சமாதானம். தனியே மனசுக்குள் ஓடும் கற்பனையைப் பற்றி இப்படிச் சொன்னால் விவாதிக்க இடமுண்டு. மேஜைக் கற்பனை அந்த வகையல்ல. ஒருவர் சொன்னதை மற்றவர்கள் ஏற்கும் வரை அங்கே எதுவும் நடந்ததாக ஆவதில்லை. அவர்களது சம்மதம்தான் இந்தக் கலையின் மூலப்பொருள். நாவலில் பிடிக்காத பக்கத்தை வாசகன் மூடிவிடலாம். இங்கே வாய்மூடி இருப்பவரும் பாதி ஆசிரியராகிவிடுகிறார்.

சரி, அதே மேஜையில் தினமும் கொலை நடக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? பூதங்களை வெட்டிச் சாய்ப்பதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. கொலை சிறிய பாவம் என்பதால் அல்ல. வாள்வெட்டு மேஜையிலிருக்கும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கிறது. பலாத்காரம் அப்படி இல்லை. ஒருவருக்கு அது புராணம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அது வீடு திரும்பும் வழி. கொலையில் ஒருவரைப் பறிகொடுத்தவர் அந்த மேஜையில் இருந்தால், வாள்வெட்டும் தன் தூரத்தை இழந்துவிடும். ஆகவே ஆடக்கூடிய விஷயங்கள், ஆடக்கூடாத விஷயங்கள் என்று நிரந்தரப் பட்டியல் போட முடியாது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் கொண்டுவந்த பெருக்கல்குறி அட்டை இதைத்தான் செய்கிறது. மேஜை நடுவில் ஓர் அட்டை. யார் அதைத் தொட்டாலும் அந்தச் சம்பவம் கதையிலிருந்து நீங்கிவிடும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது தணிக்கை என்பவர்கள் உண்டு. தணிக்கையாளர் வெளியே இருப்பவர். அட்டையைத் தொடும் கை, கதையை எழுதும் கைகளில் ஒன்று.

அப்படியானால் மேஜையில் எல்லாம் அவரவர் விருப்பப்படிதான் நடக்க வேண்டுமா? அதுவும் போதாது. ஏவரி ஆல்டரின் 'மான்ஸ்டர்ஹார்ட்ஸ்' (2012) என்ற ஆட்டத்தில், பள்ளி வயதுப் பிசாசுகளும் ஓநாய் மனிதர்களும் பாத்திரங்கள். அதில் உன் பாத்திரம் யாரிடம் கிளர்ச்சி அடைகிறது என்பது உன் தீர்மானமல்ல, பகடை சொல்லிவிடும். அந்தக் கிளர்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்பது மட்டுமே உன் கையில். அந்த இடைவாரில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்: கேட்காமல் உடலுக்கு ஒன்று நேர்கிறது. முதல் கையேடு அதைச் சாபம் என்று எழுதி, பழைய நிலைக்குத் திரும்ப வழி தேடச் சொன்னது. இது அதோடு கொஞ்ச நேரம் இருந்து பார் என்கிறது. வேண்டிய உருவத்தை வேண்டியபடி எடுத்துக்கொள்வது மட்டுமே கற்பனையின் சுதந்திரம் என்றால், நாம் போய்ச் சேர்வது ஏற்கெனவே அறிந்த நம்மிடம்தான். நாம் தேர்ந்திராத ஒன்று வரும்போது அதற்கும் இடம் விடுவது, அதே சமயம் எதிரே இருப்பவருக்கு எழுந்து போகும் வழியை அடைக்காமல் இருப்பது - இந்த இரண்டையும் ஒருசேரச் செய்வது கடினம். கையேட்டில் எழுதி முடித்துவிடக்கூடிய காரியமல்ல அது. ஒவ்வொரு மேஜையும் தானே கற்றுக்கொள்ள வேண்டியது.