வாய்விட்டு அழும் உரிமை

சுதந்திரத்தினால் என்ன பயன் என்று யாராவது கேட்டுவிட்டால், நாம் உடனே பெரிய வார்த்தைகளை எடுத்து அடுக்கத் தொடங்கிவிடுகிறோம். பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலின்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சாவு விழுந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருமுறை அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அது தங்கமா பித்தளையா என்பது அங்கேதான் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் கருணாபுரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. கூலி வேலை செய்து அன்றாடம் பிழைப்பவர்கள் மிகுந்த இடம். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்கள் அங்கே ஒருவர்பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். வயிற்றைப் பிசைந்தது, கண் மங்கியது, மூச்சுத் திணறியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். கல்வராயன் மலைக் காட்டுக்குள்ளே, யார் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் நடந்த காரியமன்று இது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகரப் பகுதியில் நடந்தது.

அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்துப்போன நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இந்த ஊருக்கு ஜனநாயகம் லாயக்கில்லை, சார். சீனாவைப் பாருங்கள். ஒரே கட்சி, ஒரே ஆணை. தப்புச் செய்தவன் உயிரோடு தப்ப முடியாது. நமக்கு ஓட்டு இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. அறுபது பிணமும் இருக்கிறது. செத்தவனுக்கு உங்கள் பேச்சுரிமை என்ன செய்தது?"

எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அல்ல இது. நண்பர் சீனாவை இழுத்ததால், நாமும் அங்கேயே போய்ப் பார்ப்போம். குடிக்கும் பொருளில் விஷம் கலந்த கதை அங்கேயும் ஒன்று உண்டு.

பாலில் தண்ணீர் கலப்பது உலகமெங்கும் தெரிந்த வித்தை. தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்திருப்பது சோதனையில் அகப்படாமலிருக்க, சீனாவில் சிலர் மெலமின் என்னும் ரசாயனப் பொருளையும் அதில் சேர்த்தார்கள். அந்தப் பால், மாவாகிக் குழந்தைகளின் வாய்க்குப் போயிற்று. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டாயிற்று. ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசாங்கக் கணக்கு. 'சான்லு' என்ற பால் கம்பெனிக்கு 2007-ஆம் ஆண்டு இறுதியிலேயே புகார்கள் வந்துவிட்டன. ஊருக்கு விஷயம் தெரிந்ததோ 2008 செப்டம்பரில். இடையே ஆகஸ்டில் பீஜிங்கில் ஒலிம்பிக் விழா கோலாகலமாக நடந்து முடிந்திருந்தது.

அதன்பின், நண்பர் மெச்சும் கண்டிப்பு வந்தது. இருவருக்கு மரண தண்டனை 2009 நவம்பரில் நிறைவேறியது. கம்பெனித் தலைவிக்கு ஆயுள் தண்டனை. இதோடு கதை முடிந்திருந்தால் நான் நண்பருக்குப் பதில் சொல்லத் திண்டாடியிருப்பேன். ஆனால் முடியவில்லை. ஜாவ் லியான்ஹாய் என்று ஒருவர். அவருடைய மகனும் அந்தப் பாலைக் குடித்து நோயுற்றவன். அவர் தம்மைப் போன்ற பெற்றோரைத் திரட்டினார், நஷ்டஈடு கேட்டார், பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். 2010 நவம்பரில் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பொது ஒழுங்கைக் குலைத்தார் என்பது குற்றம்.

விஷம் கலந்தவனுக்கும் தண்டனை. 'என் பிள்ளைக்கு விஷம் கொடுத்துவிட்டார்களே' என்று அலறிய தகப்பனுக்கும் தண்டனை! இத்தனைக்கும் அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. 41-ஆம் பிரிவு எந்த அரசு அமைப்பையும் குறைகூறும் உரிமை தருகிறது. ஏட்டிலே இருக்கிற சர்க்கரை அது.

பொதுவுடைமை என்ற கொள்கையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏழையின் பசி கண்டு பிறந்த கொள்கை அது. கேரளத்தில் 1957-இல் அதே கொள்கைக்காரர்கள் மக்கள் ஓட்டினால் ஆட்சிக்கு வந்தார்கள். 1959-இல் மத்திய அரசு அவர்களைக் கலைத்தது. 1967-இல் மறுபடியும் ஓட்டினாலேயே வந்தார்கள். அங்கே எதிர்க்கட்சியும் இருந்தது, ஏசுகிற பத்திரிகையும் இருந்தது. கோளாறு 'ஒரே கட்சி' என்பதில் இருக்கிறது. கட்சியே அரசு, அரசே மக்கள் என்று ஆகிவிட்டால், ஓர் அதிகாரியைக் குறை சொல்வதுகூட மக்களுக்கே துரோகமாகிவிடுகிறது. அப்புறம் கெட்ட செய்தி மேலே ஏறாது. 1959 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தபோது, விளைச்சல் அமோகம் என்றல்லவா கீழிருந்து மேலே கணக்குப் போய்க்கொண்டிருந்தது! ஓட்டும் பத்திரிகையும் இயங்கும் நாட்டில் அத்தகைய பெரும் பஞ்சம் வருவதில்லை என்று அமர்த்தியா சென் சொன்னது இதை எண்ணித்தான்.

வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட் ஓர் உண்மையைக் கண்டார். அவர்களுடைய விரல்கள் அழிவதற்குப் பெரும்பாலும் காரணம், வலி தெரியாமற் போவதுதான். சுட்டால் கையை இழுத்துக்கொள்ளத் தெரிவதில்லை. அழுகையை அடக்கிய அரசும் அப்படித்தான். அதன் உடம்பில் எங்கே தீப்பற்றினாலும் தலைக்குத் தெரியாது.

கருணாபுரத்திலும் முதல் நாள், சாவுக்குக் காரணம் சாராயம் அன்று என்று அதிகாரிகள் தரப்பில் சொன்னார்கள். அந்தப் பேச்சு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூப்பிரண்டு தற்காலிகப் பதவி நீக்கம் செய்யப்பட்டார். எதிர்க்கட்சியினரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. மாநில அரசு செய்த மேல்முறையீட்டை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. வழக்குப் போட்டவர் யாரும் அதற்காகச் சிறைக்குப் போகவில்லை.

இதனால் மாண்டவர் மீண்டுவிட்டாரா? இல்லை. நண்பரின் கேள்வியில் உள்ள முள் அதுதான். அதை நான் பிடுங்கி எறிய விரும்பவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம், செய்யூர்ப் பகுதிகளில் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போதும் நமக்குப் பேச்சுரிமை இருந்தது. சில நாள் பேசினோம். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். செத்தது கூலிக்காரன்தானே, குடித்துத்தானே செத்தான் என்ற எண்ணம் நம்மில் பலருடைய மனத்தின் அடியில் இருந்தது. ஒரு கட்சி ஆட்சியில் சட்டம் செய்கிற வேலையை, இங்கே நம்முடைய அலட்சியம் சம்பளமில்லாமல் செய்து கொடுத்தது.

ஆகவே நண்பருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: உரிமை, செத்தவனுக்கு ஒன்றும் செய்யாது. அடுத்தவன் சாகாமலிருக்கத்தான் அது வேண்டும். அதுவும் எடுத்துப் பயன்படுத்தினால்தான் உண்டு. பீஜிங்கில் ஒரு தகப்பன் சிறைவாசத்தை விலையாகக் கொடுத்தும் பெற முடியாமற்போன பொருள், நம் வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. போதவில்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டால், கருணாபுரத்துத் தாய்க்கு மிஞ்சியிருக்கிற ஒன்றும் போய்விடும். தெருவில் நின்று, இன்னாரால் என் பிள்ளை செத்தான் என்று பெயர் சொல்லி அழ, இன்றைக்கு அவளால் முடிகிறது. அவள் அழுவதற்கு முன்பே, சாராயம் விற்கும்போதே, நாம் கேட்டிருக்க வேண்டும்.