பள்ளத்தாக்கின் பசுமை யாருக்கு?

இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து சப்பிரகமுவ மலைச்சாரலைக் காண்போர் அதன் பசுமையை வியக்காதிருப்பதில்லை. வியக்கட்டும். ஆனால், அழகென்று நாம் போற்றும் ஒன்றின் அடியில் மனிதர் புதையுண்டு போகக் கூடுமெனில், அதைக் கண்டு களிப்பவனுக்கு ஏதேனும் கடமை உண்டா, இல்லையா?

முதலில் ஒன்று தெளிவாகட்டும். இது பழைய காட்டின் பசுமை அன்று. உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டது. கிராமத்தான் சேனை செய்த நிலமும் அதில் அகப்பட்டது. காடு வெட்டுண்டு கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்க்க, தேயிலையும், தாழ்ந்த மலைகளில் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. 1873இல் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் விட்டுவைக்குமாறு ஆலோசனை கூறினார். நல்ல ஆலோசனைதான். ஆயினும் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிற் பெரும்பாலானவை அந்த உயரத்துக்கு வெகு கீழே கிடப்பவை. அடிக்கணக்குப் பார்த்துப் பிறந்த இரக்கம் இங்கே வந்து சேரவில்லை.

துரையின் பங்களா காற்று வாங்கும் மேட்டில், பூந்தோட்டத்தோடு நின்றது. லயங்களோ, பல தோட்டங்களில், பயிருக்கு உதவாத மலைமடிப்பிலும் ஓடைக்கரையிலும் வெட்டிய சரிவின் காலடியிலும் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம்!

2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில், அதே கேகாலை மாவட்டத்து புளத்கொஹுபிட்டியவில், களுபான தோட்டத்து லயமொன்றின் மீதும் மண் வீழ்ந்தது. கிராமத்தவரும் தோட்டத்தவரும் ஒரே மழையில் மாண்டனர். இனம் பிரித்துப் பேசுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

"ஆபத்தான இடத்தில் ஏன் குடியிருந்தார்கள்?" என்று படித்தவர் சிலர் கேட்கின்றனர். தெரிவு செய்யும் உரிமை பெற்றவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. 1948இன் சட்டம் இம்மக்களைக் குடியுரிமை அற்றவராக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றது. இத்தனை கைமாற்றத்திலும் லயத்தின் அடிமண் அதில் வாழ்ந்தவன் கைக்கு வரவில்லை. பின்னாளில் வீட்டுக்கென ஏழு பேர்ச் நிலம் பேசப்பட்டது. வீடு முன்னே போக, காணியுறுதி வெகு பின்னே நடந்து வந்தது.

நிலத்தைக் கொடுத்தால் ஓடையோரத்து மரங்களையும் வெட்டிவிடுவார்களே என்று அஞ்சுவோர் உளர். மலை முழுவதையும் மொட்டையடித்தவர்களிடம் எவரும் இந்த அச்சத்தைத் தெரிவித்ததாகத் தெரியவில்லை. லயத்துக் கான் ஓரத்தைப் பாருங்கள்: ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை. நாளைக்கே வெளியேறு என்றால் வெளியேற வேண்டியவர் நட்டவை அவை.

சரிவுகளில் மீண்டும் காடு வளர வேண்டும், அதை மறுப்பாரில்லை. எந்தச் சரிவிலிருந்து எந்தக் குடும்பத்தை எழுப்பி, எங்கே, என்ன உறுதியோடு குடியமர்த்துவது என்பதை அரசும் கம்பனிகளும் அடுத்த மழைக்கு முன்னர்ச் சொல்லட்டும்.