கைதட்டாத கூட்டம்

சென்ற பங்குனியில் சின்னமனூர்ப் பக்கம் உறவினர் ஒருவர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்த இரண்டாம் போகம் அறுப்பு முடிந்து, தாள் மட்டும் நின்ற வயலில் ஒரு மாலை பையன்கள் வெறுங்காலோடு கால்பந்து ஆடினார்கள். பக்கத்து ஊர்ப் பையன்களோடு பந்தயம். வந்தவர்கள் காலில் பந்து பட்டாலே வரப்பில் நின்ற கூட்டம் ஏசியது. விசாரித்தேன். இரண்டு ஊர்ப் பெரியவர்களுக்கும் வாய்க்கால் முறையில் தகராறாம்.

இடைவேளையில் அந்த ஊர்க் கோல்காப்புப் பையன் என் அருகே வந்து தண்ணீர் குடித்தான். பதினான்கு வயதிருக்கும். "சண்டை போட்டது பெருசுக. எங்களை எதுக்குங்கய்யா வையிறாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு படுத்திருக்கையில் ஜகார்த்தாவின் ஞாபகம் வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டி 1951-ல் டெல்லியில் தொடங்கியது. நான்காவது போட்டி 1962-ல் ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா வரவிடவில்லை. இந்தப் போட்டிகளைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான நம் நாட்டு ஜி. டி. சோந்தி, அப்படியானால் இதற்கு 'ஆசிய' என்ற பெயர் பொருந்தாது என்றார். ஊர் கொதித்தது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. அந்தக் கொதிப்பு அடங்குமுன், செப்டம்பர் 4-ஆம் தேதி, கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம்மவர்கள் களம் இறங்கினார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். இந்தியா என்றாலே கூச்சல்.

எதிரே நின்றது தென் கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்ற அதே அணி. நம் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல் போட்டிருந்தது. தடுப்பாட்டக்காரரான அவரை முன்வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்காக ஆடிப் பெயர் வாங்கிய பீட்டர் தங்கராஜ், உடம்பு சரியில்லாமல் சில ஆட்டங்கள் விலகியிருந்து, அன்று மீண்டும் கோலில் நின்றார். பி. கே. பானர்ஜி கிழக்கு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். பயிற்சி தந்த ஹைதராபாத் ரஹீம், மறு வருஷமே புற்றுநோயால் மறைந்தார். இப்படிப்பட்ட அணி ஜெயிக்கும் என்று யார் எண்ணியிருப்பார்கள்? பானர்ஜி ஒரு கோல் போட்டார். சில நிமிஷத்தில் ஜர்னைல் சிங் இன்னொன்று. கடைசி நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியது. 2–1. தங்கம் நமக்கு. அதற்குப் பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவேயில்லை.

சோந்தி வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குற்றமில்லாதவன் துன்பப்படுவானே என்று நியாயத்தை அடக்கினால், உலகில் நியாயமே பேச முடியாது. ஆனால் பேசியவரிடம் கேட்க வேண்டிய கணக்கைப் பேசாதவர்களிடம் கேட்பது என்ன முறை? கூச்சலிட்டவர்களையும் கெட்டவர்கள் என்று தள்ளிவிட மாட்டேன். தங்கள் நாடு அவமானப்பட்டதாக நினைத்தார்கள். கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. கண்ணெதிரே பதினொரு முகங்கள் இருந்தன.

அந்தப் பதினொரு பேரும் ஏச்சுக்கு ஏச்சு கொடுக்கவில்லை. களத்தை விட்டு ஓடவுமில்லை. பந்தை ஆடினார்கள். கைதட்டல் வந்தால் வட்டி. ஆட்டத்தின் மேல் வைத்த ஆசைதான் முதல். வட்டி வராவிட்டாலும் முதல் நம்முடையதுதானே?

அந்தப் பையனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால், பொறுமையைப் பதினான்கு வயதுக்காரனிடம் மட்டும் கேட்பது நியாயமாகப் படவில்லை. அன்று ஜகார்த்தாவில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் நமக்காக ஆரவாரம் செய்தார்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பெரியவர்களுக்கும் நம் பெரியவர்களுக்கும் இருந்த தகராறு, ஒரு வாய்க்கால் தகராறைவிடச் சிறியதா என்ன?

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பையன் பக்கவாட்டில் பாய்ந்து, கோலுக்குள் போக வேண்டிய பந்தைப் பிடித்தான். அருமையான பிடி. என் கைகள் தாமாகவே உயர்ந்தன. பக்கத்தில் என் உறவினர் நின்றார். அவர் வயலுக்கும் அதே வாய்க்கால்தான். விருந்துக்கு வந்த இடத்தில் எதற்கு என்று கையைக் கீழே போட்டுக்கொண்டேன்.

பையன் ஒருமுறை வரப்பைப் பார்த்தான். பிறகு பந்தை உதைத்துவிட்டு, அடுத்த பந்துக்குத் தயாராக நின்றான்.