எத்தனை குழந்தைகளை அழைப்பது?

பிறந்த நட்சத்திரத்தன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஆலயம் சென்று வணங்கி, பாயசத்தோடு உணவிட்டுக் குழந்தையை வாழ்த்துவது நம் முன்னோர் வழக்கம். இன்று அது ஆங்கிலத் தேதிக்கு மாறி, கேக்கும் மெழுகுவத்தியும் பெற்று, அண்மைக் காலத்தில் இன்னொரு புது வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டுள்ளது. பள்ளித் தோழர்களை இல்லத்திற்கு அழைத்து, இரவு அங்கேயே உறங்கச் செய்து, மறுநாள் காலை அனுப்பி வைப்பதே அது. பெருநகரங்களில் தொடங்கிய இவ்வழக்கம் திண்டுக்கல் போன்ற ஊர்களையும் எட்டிவிட்டது. அப்போது பெற்றோர் முன் எழும் முதல் வினா, எத்தனை பேரை அழைப்பது என்பதாகும். பாயையும் தலையணையையும் எண்ணிப் பார்க்கும் வீட்டுக் கணக்கு என்றே பலரும் இதனைக் கருதுவர். இதனுள் ஓர் அறக் கேள்வி அடங்கியுள்ளது என்பது நம் கருத்து.

கோடை விடுமுறையில் பாட்டி வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாகப் படுத்துறங்கிய காலத்தில் இவ்வினா எழுந்ததில்லை. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சித்தி பிள்ளை என அனைவரும் பிறப்பால் வந்தவர்கள். எவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். தோழர்களோ தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். தேர்வு என்ற ஒன்று வந்தவுடன், தேர்வு பெறாதவர் என்று சிலரும் உண்டாகிவிடுகின்றனர். ஆகவே எண்ணிக்கையைப் பற்றிச் சிந்திப்போர் உள்ளே வருவோரையும் வெளியே நிற்போரையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.

முதலில் உள்ளே வருவோரைப் பற்றி நோக்குவோம். குழந்தைக்கு எத்தனை வயதோ அத்தனை விருந்தினர் என்று மேனாட்டுப் பெற்றோரிடையே ஒரு வழக்கு உண்டு. நான்கு வயதுக் குழந்தையின் மாலை விருந்துக்கு அது பொருந்தலாம். பத்து வயதுச் சிறுமிக்காகப் பத்துக் குழந்தைகளை ஓர் இரவு முழுதும் காப்பது எளிதன்று. யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று வகுப்பு முழுவதையும் அழைப்போரும் உளர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வகுத்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் பகல் வெளிச்சத்தில், மணி அடித்தால் வீடு திரும்பும் குழந்தைகளைக் கவனிப்பதற்கான அளவு அது. இரவின் கணக்கு வேறு. புது இடத்தில் உறக்கம் வராத குழந்தை, நள்ளிரவில் அம்மாவை நினைத்து அழும் குழந்தை, இளைப்பு உள்ள குழந்தை, படுக்கையை நனைத்துவிட்டு வெட்கத்தால் வாய் திறவாத குழந்தை என ஒவ்வொருவருக்கும் விழித்திருக்கும் ஒருவர் தேவை. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் வழங்கும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் வற்றும் கோடையில், காலையில் இத்தனை பேர் குளிப்பதற்குத் தண்ணீர் உண்டா என்பதும் எண்ணத்தக்கதே.

கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைவதை இம்சை எனத் தத்வார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி வகுத்துள்ளார். காக்க இயலாத அளவுக்கு அழைப்பது பெருந்தன்மை போல் தோன்றினும், அது அக்கவனமின்மையின் பாற்படும். இல்லறத்தார்க்குரிய நோன்புகளில் பொருளுக்கும் நுகர்வுக்கும் முன்கூட்டியே அளவு வகுத்துக்கொள்ளுதல் சிறப்பிடம் பெறுவதை நாம் அறிவோம். அளவு என்பது கஞ்சத்தனம் அன்று. சொன்ன சொல்லைக் காப்பதற்கான வழி.

நம் மாவட்டத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. பழனிக்கு அருகேயுள்ள ஐவர்மலையில் ஒரு கல்வெட்டு உள்ளது. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 அதன் காலம். சாந்திவீரக் குரவர் அங்கே பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, தடையில்லாத வழிபாட்டிற்கும் துறவி ஒருவரின் உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்ததை அது கூறுகின்றது. ஒருவருக்கு என்றே அவர் வரையறுத்தார். நூறு பேருக்கு என்று பொறித்திருந்தால் கேட்பதற்குப் பெருமையாக இருந்திருக்கும். உண்ண வந்தவர் பசியோடு திரும்ப நேர்ந்திருக்கலாம்.

இனி வெளியே நிற்போரைப் பற்றி. இங்கேதான் பெற்றோர் பலர் தடுமாறுகின்றனர். மூன்று பேருக்கே இடம் உண்டெனின் மூவரை அழைப்பதில் பிழை இல்லை. ஆயினும் அந்த மூவர் எத்தனை பேரிலிருந்து எடுக்கப்பட்டவர் என்பதைப் பார்த்தல் வேண்டும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் மூவரை அழைத்தால் எவரும் தனியே சுட்டப்படுவதில்லை. நாள்தோறும் சேர்ந்தே பள்ளிக்குச் செல்லும் நால்வரில் மூவரை அழைத்தால், நான்காவது குழந்தைக்கு நீ வேண்டாம் என்று சொல்லியதாகவே ஆகும். விருந்துக்கு மறுநாள் வகுப்பறையில் அக்குழந்தையை ஆசிரியர்களாகிய நாம் பல முறை கண்டிருக்கிறோம். அது அழுவதில்லை, எவரையும் கேட்பதுமில்லை. உணவு இடைவேளையில் வேறிடம் பார்த்து அமர்ந்துகொள்ளும். உடலில் படாத இந்த அடியும் அடியே. ஆகவே நமது எண்ணிக்கை ஒரே ஒரு குழந்தையை வெளியே நிறுத்துமானால், ஒன்றைக் கூட்டுக. இயலாவிடின் இரண்டைக் குறைக்க.

"என் மகளை ஓயாமல் கேலி செய்பவளையும் நான் அழைக்க வேண்டுமா?" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. நட்பைக் கட்டாயப்படுத்த இயலாது. பிறந்தநாளன்று குழந்தை தன் வீட்டிலேயே அஞ்சி இருத்தலும் தகாது. அந்நிலையில் அக்குழுவையே இரவுக்கு அழைக்காமல், மிக நெருங்கிய ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். கேலிக்குத் தீர்வை ஆசிரியரோடும் அச்சிறுமியின் பெற்றோரோடும் பேசித் தேடுக. அழைப்பை நிறுத்தித் தண்டிப்பது குழந்தைக்கு நாம் கற்பிக்கத் தக்க பாடம் அன்று.

அழைப்பை வகுப்பறையில் கொடுத்தலும், அங்கே அதைப் பற்றிப் பேசுதலும் ஆகாது என்று குழந்தைக்குச் சொல்லி வைக்க வேண்டும். அழைக்கப்படாத தோழி நேரில் கேட்டால் பொய்யும் கூறலாகாது. "எங்கள் வீட்டில் இருவர்க்கே இடம் இருந்தது, ஞாயிறு மாலை நீ விளையாட வா" என்பது மெய்யும் இனிமையும் கலந்த விடை. அழைத்த சொல்லை நிறைவேற்றவும் வேண்டும்.

வரும் குழந்தையின் பெற்றோர்க்கும் நாம் கடமைப்பட்டவர்கள். 2012ஆம் ஆண்டில் போக்சோ சட்டம் இயற்ற வேண்டிய நிலை வந்த நாடு இது. இல்லத்தில் அன்றிரவு எவரெவர் இருப்பர், குழந்தைகள் எங்கே உறங்குவர் என்பவற்றை அவர்கள் கேட்குமுன் நாமே கூறுதல் நன்று. "இரவு அனுப்புவதில்லை" என்று அவர்கள் சொன்னால் வருந்தற்க. மாலைவரை இருந்து செல்லட்டும். இரவில் உண்ணா இல்லத்தார், மார்கழியில் 6 மணியளவில் கதிரவன் மறைவதை நினைவிற்கொண்டு, விருந்தை முன்னே வைத்து விளையாட்டைப் பின்னே வைக்கலாம். அதையும் முன்னரே தெரிவித்தல் வேண்டும். நடு இரவில் விருந்தினர் குழந்தை பசித்து எழுந்தால் பாலோ பழமோ கொடுக்கத் தயங்கற்க. நோன்பு நம்முடையது; பசி அக்குழந்தையுடையது.

பள்ளியில் அனைவர்க்கும் மிட்டாய் வழங்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக உள்ளது. அதனைக் கைவிட வேண்டா. மகிழ்ச்சியைப் பகலில் எல்லாரோடும் பகிர்ந்து, இரவின் பொறுப்பைச் சிலரோடு மட்டும் ஏற்பதே பொருத்தம்.

பெற்றோர் தாமே ஓர் எண்ணை முடிவு செய்து அறிவிப்பதினும், குழந்தையை அருகே அமர்த்திப் பெயர்களை எழுதச் செய்தல் சிறந்தது. எழுதி முடித்ததும் இரு கேள்விகளைக் கேளுங்கள். இவர்களுள் எவரேனும் இரவில் அழுதால் நாம் எழுந்து கவனிக்க இயலுமா? இந்தப் பட்டியலைக் கண்டால் எவரேனும் ஒருவர் மட்டும் மனம் நோவாரா? பத்து வயதுக் குழந்தைக்கு இவ்விரண்டும் விளங்கும். பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதன் கையாலேயே நடக்கட்டும். பிறர் நோவை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைப் பிறந்தநாளன்று பெறும் குழந்தைக்கு அதனினும் நல்ல பரிசு வேண்டுவதில்லை.