பார்வையாளர் வாங்கு

நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்கிறது எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. சட்டம் பயிலும் பிள்ளைகளைப் புதுக்கடைக்குக் கூட்டிச் சென்று பின்வாங்கில் அமர்த்தும் உரிமை அதிலிருந்து வருகிறது. பின்வாங்கில் இருப்பவருக்குக் கடமை ஏதும் உண்டா என்பது பற்றி அது பேசவில்லை.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு குழுவுடன் நானும் போனேன். எப்போது எழும்ப வேண்டும், எப்படித் தலைகுனிய வேண்டும் என்று வழிநெடுகப் புத்திமதி. காலை முழுதும் தவணை கொடுப்பதிலேயே கழிந்தது. பதினொரு மணியளவில் ஒரு கூலித் தொழிலாளி கூண்டில் ஏறினார். சைக்கிள் திருட்டு. சட்டத்தரணி இல்லை, சிங்களமும் தெரியாது. "சொல்லாம எடுத்தது பிழைதான் ஐயா, பின்னேரம் கொண்டுவந்து வைக்கத்தான் எடுத்தன்" என்றார். மொழிபெயர்ப்பாளர் குற்றத்தை ஏற்கிறார் என்று சுருக்கமாக முடித்தார். தண்டப்பணம். அடுத்த வழக்கு.

பொருளை எடுப்பது மட்டும் திருட்டல்ல, நேர்மையீனமான எண்ணமும் வேண்டும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் நிபந்தனையற்ற ஒப்புதலையே குற்ற ஏற்பாகக் கொள்கிறது. விடுபட்ட அந்த அரை வாக்கியம்தான் அம்மனிதரின் முழு எதிர்வாதமும். அது மெய்யோ பொய்யோ, விசாரிக்கப்படவேயில்லை.

வெளியே வந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், நான் எழும்பிச் சொல்லியிருக்கணுமா?" பார்வையாளர் குறுக்கே பேசினால் மன்றை அவமதித்ததாகிவிடும் என்றேன்.

சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் எச்சரிப்பதை அவளும் ஓதியிருப்பாள். கொடுக்கல் வாங்கல் பற்றிய வசனமல்லவா அது என்று சில நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஸாத் அத்தியாயத்தில், மதிலேறி வந்த இருவரில் ஒருவரின் முறைப்பாட்டைக் கேட்டதுமே தாவூத் நபி (அலை) தீர்ப்புச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டதை உணர்ந்து மன்னிப்புக் கேட்டு விழுந்தார்கள். மறுதரப்பைக் கேளாததே அங்கு நேர்ந்த தவறு என்பது முபஸ்ஸிர்கள் சிலரின் விளக்கம். எங்கள் நீதவானுக்கோ தாம் கேளாதது ஒன்று இருக்கிறதென்று அறியவே வழியில்லை. அறிந்தவர்கள் பின்வாங்கில் இருந்தோம். இரண்டு மொழியும் எனக்கும் தெரியும்.

எழும்பிக் கத்தத் தேவையில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி முன்னால் இருந்த சட்டத்தரணி எவரிடமாவது நீட்டியிருக்கலாம். அவர் மன்றின் கவனத்துக்குக் கொண்டுவந்திருப்பார், அல்லது மறுத்திருப்பார். பேனை என் கையில்தான் இருந்தது. மாணவர் வரவைப் பதிந்துகொண்டிருந்தேன்.