பாறுகள் இல்லாத தக்மா

ஜொராஸ்ட்ரிய சமயத்தில் பிணத்தைவிடப் பெரிய தீட்டு இல்லை. அதைப் புதைத்தால் மண் கெடும், எரித்தால் நெருப்பு கெடும், ஆற்றில் விட்டால் நீர் கெடும். மூன்றுமே இறைவனான அகுர மஸ்தாவின் தூய படைப்புகள். அதனால் உடலை வெயிலிடமும் பறவைகளிடமும் ஒப்படைக்கும் வழக்கம் பண்டைய ஈரானில் வேரூன்றியது. ஈரானின் பூசாரிகளான மாகியர்கள் பறவையோ நாயோ கிழித்த பிறகே உடலைப் புதைப்பார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்து குடியேறிய பார்சிகள் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. மும்பை மலபார் குன்றில், மரங்கள் அடர்ந்த டூங்கர்வாடியில், 17ஆம் நூற்றாண்டிலிருந்தே தக்மாக்கள் இருக்கின்றன.

தக்மா என்பது கூரையில்லாத வட்டமான கல் கட்டடம். அதன் தளம் நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். தளத்தில் மூன்று வளையங்களாக ஆழமில்லாத பாத்திகள் இருக்கும். வெளிவளையம் ஆண்களுக்கு, அடுத்தது பெண்களுக்கு, உள்வளையம் குழந்தைகளுக்கு. நடுவே ஒரு கிணறு. வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்புகள் அதற்குள் தள்ளப்படும். மழைநீர் கரியும் மணலும் நிரப்பிய வடிகால்கள் வழியாக வெளியேறும். உடலைச் சுமக்கும் நஸ்ஸேசாலார்கள் மட்டுமே உள்ளே போகலாம். செல்வருக்கும் ஏழைக்கும் அங்கே ஒரே பாத்திதான். நஸ்ஸேசாலார்கள் வெளியே வந்த சில மணி நேரத்தில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், தங்கள் வேலையை முடித்துவிடும்.

1990களில் அந்தப் பாறுகள் வராமல் போயின. ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவில், கழுத்து தொங்கிப்போய்க் கிளைகளில் உட்கார்ந்திருந்த பறவைகளையும் செத்துக் கிடந்தவற்றையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் பதிவுசெய்தார். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. காரணம் பாகிஸ்தானில் கண்டுபிடிக்கப்பட்டது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்படும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004-இல் அந்த ஆய்வு நிறுவியது. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாகவே மருந்து இருந்தாலும் இத்தகைய வீழ்ச்சிக்குப் போதும் என்று பிந்தைய கணக்கீடுகள் காட்டின. ஒரே சடலத்தில் பல பறவைகள் கூட்டமாக இறங்குகின்றன, ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது வியப்பில்லை.

இங்கே அறம் சார்ந்த கேள்வி கடினமாகிறது. நொண்டும் மாட்டின் வலியைத் தணிக்க ஊசி போட்டவர் செய்தது கருணை. அந்தக் கருணைதான் கோடிக்கணக்கில் இருந்த ஓர் உயிரினத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. அறியாமல் செய்த கேடு பாவமாகுமா? வினையின் உயிர் அதன் நோக்கத்தில் இருக்கிறது என்று பௌத்தம் சொல்லும். அறியாமல் செய்த கொலையும் உயிரைப் பற்றும் என்பது சமணத்தின் நிலை. 2004 வரை பௌத்தத்தின் விடை ஆறுதல் தரலாம். அதற்குப் பிறகு அறியாமை என்ற சாக்கு எந்த மரபிலும் நிற்காது.

தெரிந்த பிறகு செய்ய வேண்டியதை எந்த ஒரு நாட்டாலும் தனியாகச் செய்ய முடியவில்லை. பாறுகள் எல்லை பார்த்துப் பறப்பதில்லை. மாற்று மருந்தான மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கில்லாதது என்பது தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனைகளில் தெரியவந்தது. 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தன. வங்கதேசம் 2010-இல் சேர்ந்துகொண்டது. ஆசியப் பாறுகளைக் காக்க ‘சேவ்’ என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2011-இல் தொடங்கியது. ஹரியானாவின் பிஞ்சோரில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் துணையோடு இனப்பெருக்க மையம் வளர்ந்தது. நேபாளம் 2017-இலும் இந்தியா 2020-இலும் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டன. நேபாளத்தின் நவல்பராசியில் ஒரு கிராமம் கண்ட வழி நெஞ்சைத் தொடுவது. உழைத்து ஓய்ந்த மாடுகளை அங்கே வாங்கிப் பராமரிக்கிறார்கள். அவை தாமாக இறந்த பிறகு நஞ்சில்லாத உடல்களைப் பாறுகளுக்கு வைக்கிறார்கள். பசுவைக் கொல்லாத அறமும் பறவையைக் காக்கும் கடமையும் அந்த ஏற்பாட்டில் மோதிக்கொள்ளவில்லை. பாறுக்குக் கடன்படுவது இந்து மரபுக்குப் புதிதுமல்ல. இராமாயணத்தின் பாறான சடாயுவுக்கு இராமன் மகனாக நின்று ஈமக்கடன் செய்தான். வைத்தீஸ்வரன் கோயிலில் சடாயு குண்டம் இன்றும் அதைச் சொல்கிறது.

தக்மாக்களின் சிக்கல் இதோடு தீரவில்லை. பாறுகள் இல்லாமல் உடல்கள் வாரக்கணக்கில் கிடக்கின்றன. 2006-இல் உள்ளிருந்து வெளியான படங்கள் சமூகத்தை உலுக்கின. சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். உடல்மேல் வெயில் படுவதே சடங்கின் ஓர் உறுப்பு என்பதால் அதற்குச் சமய ஆதாரம் உண்டு. ஆனால் மும்பை மழைக்காலத்தில் அது பயன்படாது. 2015-இல் ஒர்லி தகனக் கூடத்தில் பார்சிகளுக்கென்று பிரார்த்தனைக் கூடம் வந்தபோது, நெருப்பைக் கெடுப்பதா என்று பழமைவாதிகள் கொதித்தார்கள். ஈரானின் ஜொராஸ்ட்ரியர்களோ 20ஆம் நூற்றாண்டிலேயே தக்மாக்களை விட்டுவிட்டு, மண்ணில் உடல் படாதபடி சிமென்ட் பூசிய குழிகளுக்கு மாறினார்கள். இறந்த நான்காம் நாள் விடியலில் ஆன்மா சின்வத் பாலத்தைக் கடக்கிறது என்பது இரு சாராருக்கும் பொதுவான நம்பிக்கை. உடலைப் பறவை உண்டதா இல்லையா என்று அந்தப் பாலத்தில் யாரும் கேட்பதாக நம்பிக்கையில்லை. அங்கே எடைபோடப்படுவது எண்ணமும் சொல்லும் செயலும்தான்.

டூங்கர்வாடியில் பெரிய வலைக்கூண்டுகள் கட்டிப் பாறுகளை வளர்க்கலாம் என்ற திட்டமும் பேசப்பட்டது. அது வலிநிவாரணிகளில் வந்து முட்டியது. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு வலிமருந்தை மறுப்பது கொடுமை. டைக்ளோஃபினாக் தங்கிய உடலை உண்ணும் பறவை சில நாட்களில் சாகும். திபெத்தியர்கள் உடலைப் பறவைகளுக்குத் தருவதைத் தானம் என்கிறார்கள். நஞ்சு கலந்ததைத் தருவது எந்தக் கணக்கிலும் தானமாகாது. ஜொராஸ்ட்ரிய அறத்தில் இது இன்னும் கூர்மையானது. நற்படைப்புகளைக் காப்பது மனிதன் அகுர மஸ்தாவின் பக்கம் நின்று ஆற்றும் பணி, அவற்றை அழிப்பது தீய ஆவியான அங்கர மைன்யுவுக்குச் செய்யும் உதவி. மண்ணையும் நெருப்பையும் நீரையும் காக்கவே உருவான சடங்கு பறவையைக் கொல்லும் என்றால், அந்தச் சமயத்தின் சொந்த அளவுகோலின்படியே அதை நிறுத்திவைப்பது பக்தியின் குறை ஆகாது. கடைசியாக மருந்து கொடுத்த பிறகு, டைக்ளோஃபினாக் உடலை விட்டு நீங்கும் அளவுக்கு இறப்புக்கு முன் சில நாட்கள் கழிந்தன என்று உறுதியாகத் தெரியும்போது மட்டும் உடலைப் பாறுகளுக்குத் தருவதும், மற்ற உடல்களை வெயிலுக்கோ சிமென்ட் குழிக்கோ ஒப்படைப்பதும் அந்த அளவுகோலுக்குப் பொருந்தும்.